15 லட்சம் நன்கொடை: பள்ளிக்கு எதை வாங்குவது, பயன்பட்டதா என்று எப்படிக் காட்டுவது?

தாளாளர்_விருதுநகர்

வணக்கம். எங்களுடையது அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி. 6 முதல் 12 வரை வகுப்புக்கு மூன்று பிரிவு, ஆக 21 பிரிவுகள், பிரிவுக்குச் சராசரியாக 40 பிள்ளைகள். முன்னாள் மாணவர் சங்கம் 15 லட்சம் தர முன்வந்திருக்கிறது. இரண்டு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: மூன்று ஆண்டுத் திட்டம் எழுத்தில் வேண்டும், ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் பிள்ளைகளுக்கு என்ன பயன் கிடைத்தது என்று அறிக்கை வேண்டும்.

கையில் இருக்கும் கொட்டேஷன்: 75 அங்குலத் தொடுதிரைப் பேனல் 8, ஒன்று 1.75 லட்சம், மொத்தம் 14 லட்சம். பாடக் காணொளிகள் ஓராண்டுக்கு இலவசம் என்கிறார்கள்.

இப்போது இருப்பவை: ஆய்வகத்தில் 18 கணினிகள், அவற்றில் 11 ஓடுகின்றன. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. ஆன் ஆகவே நான்கு நிமிடம் பிடிக்கும். யுபிஎஸ் பேட்டரிகள் செயலிழந்துவிட்டன. ஃபைபர் இணையம் 100 எம்பிபிஎஸ், அலுவலக அறையோடு நிற்கிறது.

பேனலை வாங்குவது சரிதானா? திட்டத்தில் எவையெல்லாம் வர வேண்டும்? ஆண்டறிக்கைக்கு 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் போதுமா?

---

பாடவேளை_கணக்கு

ஐயா, கொட்டேஷனை மடித்து வைத்துவிட்டுக் கால அட்டவணையை எடுங்கள். எத்தனை பேனல் வேண்டும் என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது.

அறிவியல், கணித ஆசிரியர்களிடம் ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். தங்கள் பாடப்புத்தகத்தில் திரை இல்லாமல் புரியவைக்கக் கடினமான பாடங்களை மட்டும் அவர்கள் எழுதட்டும். ஒளிவிலகல், செல் பிரிதல், முப்பரிமாண உருவங்களின் கனஅளவு, வரைபடக் கணக்குகள் எல்லாம் பட்டியலில் ஏறும். செய்யுளும் இலக்கணமும் பெரும்பாலும் ஏறாது. கரும்பலகையே அவற்றுக்குப் போதும். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே மூன்று விவரம்: எந்த மாதம் வருகிறது, எத்தனை பாடவேளை, எதைக் காட்டப் போகிறோம். மூன்றாவது கட்டத்தில் "வீடியோ" என்று மட்டும் எழுதியிருந்தால் தாளைத் திருப்பிக் கொடுங்கள். ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருளில் வரையப்போகும் உருவமா, ஃபெட் (PhET) என்ற அறிவியல் பாவனைத் தளத்து மின்சுற்றுப் பாவனையா, பாடநூல் க்யூஆர் குறியீட்டில் திறக்கும் பாடமா என்று பெயரோடு இருக்க வேண்டும்.

பிறகு பெருக்கிப் பாருங்கள். 6 முதல் 10 வரை 15 பிரிவுகள். அறிவியலுக்கும் கணிதத்துக்கும் வாரம் இரண்டிரண்டு திரைப் பாடவேளை என்று தாராளமாக வைத்தாலும் 15 × 4 = 60. ஓர் அறைக்கு வாரத்தில் 40 பாடவேளை. இரண்டு அறையில் 80 கிடைக்கிறது. அவசரத்துக்கு ஒன்று சேர்த்தால் மூன்று பேனல், 5.25 லட்சம். எட்டு வாங்கினால் ஐந்து பேனல்கள் பெரும்பாலான நேரம் அணைந்தே இருக்கும்.

ஆய்வகத்துக்கும் இதே கணக்குதான். வாரத்தின் 40 பாடவேளையில் 11, 12 கணினிப் பிரிவுகளின் செய்முறைக்கு 6 போகட்டும், பராமரிப்புக்கு 4 ஒதுக்குங்கள். மீதி 30. 15 பிரிவுகளுக்கு வாரம் இரண்டு கச்சிதமாகப் பொருந்தும். 40 பேருக்கு 20 கணினி, ஒன்றுக்கு இரண்டு பேர். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் மவுஸ் ஒருவர் கையிலேயே தங்கிவிடும், மற்றவர்கள் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

பேனல் வைக்கும் அறையையும் அளந்து பார்க்க வேண்டும். 75 அங்குலத் திரையின் உயரம் சுமார் 93 செ.மீ. எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்கத் திரை உயரத்தின் ஆறு மடங்குக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 5.6 மீட்டர். 20 அடி அறையில் பிரச்சினையில்லை. 30 அடி நீள அறையில் கடைசி பெஞ்சுகளுக்குப் புள்ளி எது, கொம்பு எது என்று தெரியாது. கரும்பலகையை மறைத்துப் பேனலை மாட்ட விடாதீர்கள், பக்கத்தில் மாட்டுங்கள். மின்சாரம் போனாலும் பாடம் நடக்க வேண்டும்.

---

எர்த்வயர்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் வயரிங்கைப் பார்க்காமல் எதை வாங்கினாலும் இரண்டு மழைக்காலம் தாண்டாது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஆய்வகத்தின் ஒவ்வொரு பிளக்கிலும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். லோடு ஓடும்போது 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் எர்த் குழி காய்ந்திருக்கிறது, அல்லது நியூட்ரல் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கிறது. பேனலில் யாரும் தொடாமலே கோடு விழுகிறது, கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்ற புகார்களில் பல இங்கேதான் தொடங்குகின்றன. ஆய்வகத்துக்குத் தனி எர்த் குழி போடுங்கள். கோடையிலும் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளைச் சொல்லி வையுங்கள்.

20 கணினியையும் ஒரே 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி-யில் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) மாட்டினால் அடிக்கடி டிரிப் ஆகும். ஒவ்வொரு கணினியின் பவர் சப்ளையும் ஒரு மில்லிஆம்ப் அளவில் எர்த்துக்குக் கசியவிடுவது இயல்பு. 30 என்று போட்டிருக்கும் ஆர்சிசிபி 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். கடைசியில் யாராவது "தொல்லை" என்று அதைக் கழற்றி எறிவார்கள். பிள்ளைகள் கை வைக்கும் இடம், அது நடக்கவே கூடாது. ஆறேழு கணினிக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்துவிடுங்கள்.

யுபிஎஸ்: மானிட்டரோடு ஒரு கணினி 100 வாட் என்றால் 20-க்கு 2000 வாட். யுபிஎஸ் திறனை விஏ என்ற அலகில் சொல்வார்கள்; வாட்டைப் பவர் ஃபாக்டர் 0.8-ஆல் வகுத்தால் 2500 விஏ. கால் பங்கு கூடுதல் சேர்த்தால் 3100-ஐத் தாண்டுகிறது. ஆகவே 5 கேவிஏ (5000 விஏ), மின்சாரம் போகும்போது இடைவெளியே விடாத ஆன்லைன் வகை. 12 வோல்ட் 42 ஏஎச் பேட்டரி 16 போட்டால் காகிதத்தில் 8000 வாட்-மணி. பேட்டரி கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி. இழப்பு போக ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும், இரண்டு பாடவேளைக்கு அது தாராளம். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்-ல் மாட்டாதீர்கள். உருளை சூடேறும் நொடியில் இழுக்கும் கரண்ட் யுபிஎஸ்-ஐ ஓவர்லோடில் தள்ளிவிடும்.

நெட்வொர்க்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செப்புக் கேபிள் இழுக்காதீர்கள், ஃபைபர் போடுங்கள். ஐப்பசி இடிக்குச் செப்புக் கேபிள் வழியாக ஸ்விட்ச் போர்ட், கணினி மதர்போர்டு எல்லாம் சேர்ந்தே போகும். கட்டடத்துக்குள் கேட்-6 என்ற செப்பு நெட்வொர்க் கேபிள் போதும், 90 மீட்டருக்குள்.

பேனலுக்கு இன்னொன்று. 75 அங்குலம் 50 கிலோவுக்குக் குறையாது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் மாட்டாதீர்கள். விளிம்பில் அகச்சிவப்புக் கதிர் ஓடும் வகை என்றால் சாக்பீஸ் தூள் படிந்தாலும், ஜன்னல் வெயில் நேராக விழுந்தாலும் தொடுகை தப்பும். உலர்ந்த துணியால் விளிம்பை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். இதை ஒருவர் பொறுப்பில் எழுதி வையுங்கள்.

---

தாளாளர்_விருதுநகர்

இருவருக்கும் நன்றி. ஆனால் மூன்று அறைகளுக்குப் பிள்ளைகளை மாற்றி மாற்றி நடத்திச் செல்வது சாத்தியமா? ஓடாத 7 கணினிகளை என்ன செய்வது? விற்பனையாளரிடம் ஒப்பந்தத்தில் எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?

---

ஆய்வக_உதவி

ஓடாதவற்றைத் தூக்கிப் போடுவதற்கு முன் அரை நாள் செலவழியுங்கள். 18-ல் 7 ஓடவில்லை என்றால் ஏழும் செத்துவிட்டன என்று அர்த்தமில்லை. ராமைக் கழற்றி அதன் தங்கநிறப் பற்களை அழிரப்பரால் துடைத்து மாட்டுங்கள். நல்ல கணினியின் பவர் சப்ளையை மாற்றி மாட்டிப் பாருங்கள். மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றுங்கள். அது போனால் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும். தேதி தவறென்றால் பாதுகாப்பான தளம் எதுவும் திறக்காது. ஆசிரியர் "நெட் வரவில்லை" என்று எழுதுவார், ஆள் வந்து கேபிளைத் தேடிக்கொண்டிருப்பார். இந்த மூன்றைச் செய்தாலே சில கணினிகள் எழுந்துவிடும்.

எழுந்தவற்றுக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பகம்), 8 ஜிபி ராம். நான்கு நிமிடம் அரை நிமிடமாகிவிடும். 40 நிமிடப் பாடவேளையில் நடந்து வர ஐந்து, ஆன் ஆக நான்கு, அணைத்து வரிசையில் நிற்க மூன்று போனால் மிச்சம் 28 நிமிடம்தான். எஸ்எஸ்டி போடுவது அதில் மூன்றரை நிமிடத்தைத் திருப்பித் தருகிறது. இவ்வளவு குறைந்த செலவில் பாடநேரம் வேறெங்கும் கிடைக்காது.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. நான்காம் தலைமுறை ஐ3 விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. அதனால் இவற்றில் இலவச இயங்குதளமான லினக்ஸ் போடுங்கள். 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியலின் பைத்தான், மைஎஸ்க்யூஎல் இரண்டும் அதில் ஓடும், சி++ ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் இருக்கும்வரை அதற்குச் சில புதிய கணினிகளில் விண்டோஸ் வைத்துக்கொள்ளுங்கள். ஆகமொத்தம் 20 இருக்கைக்கு எத்தனை குறைகிறதோ அத்தனை மட்டும் புதிது.

உண்மையிலேயே செத்தவற்றை இருப்புப் பதிவேட்டில் கழிவு என்று எழுதி, அரசு நிதியில் வந்தவை என்றால் உரிய அனுமதி வாங்கி, பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீதைக் கோப்பில் வையுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கை முன்கூட்டியே கழற்றி அழித்துவிடுங்கள், மாணவர் விவரம் அதில்தான் இருக்கும்.

---

ஒப்பந்தம்_பார்ப்பவர்

தாளாளர் ஐயா, "ஓராண்டு இலவசம்" என்ற வரிக்கு அடியில் கோடு போடுங்கள். இரண்டாம் ஆண்டு கட்டணம் எவ்வளவு, கட்டாவிட்டால் பேனல் வெறும் திரையாக முழுதும் இயங்குமா, ஆசிரியர்கள் சேமித்த பாடங்களை வெளியே எடுக்க முடியுமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மூன்று ஆண்டு உத்தரவாதம், பள்ளிக்கே வந்து பழுதுநீக்கம். புகார் கொடுத்து இரண்டு வேலை நாளுக்குள் ஆள் வர வேண்டும், ஏழு நாளில் சரியாகாவிட்டால் மாற்றுப் பேனல் தர வேண்டும். மின் ஏற்ற இறக்கத்தால் வரும் பழுதை உத்தரவாதத்திலிருந்து பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். விலையில் வரி, சுவரில் மாட்டும் சட்டகம், வண்டிக் கூலி, வயரிங் அடக்கமா என்று கேளுங்கள். பணத்தை 70, 20, 10 என்று பிரியுங்கள்: பொருள் வந்து மாட்டியதும் 70, ஒரு மாதம் பழுதில்லாமல் ஓடினால் 20, ஓராண்டு கழித்து 10. கடைசிப் பத்து சதவீதம் கையில் இருக்கும்வரை உங்கள் தொலைபேசி அழைப்புக்கு மதிப்பு இருக்கும்.

15 லட்சத்தையும் முதல் ஆண்டே செலவழிக்கவே வேண்டாம். 9 லட்சத்துக்குள் வாங்குவதையும் வயரிங்கையும் முடியுங்கள். மீதி 6 லட்சத்தை ஆண்டுப் பராமரிப்பு, இணையக் கட்டணம், உதிரி மவுஸ், கீபோர்டு, ஆசிரியர் பயிற்சி, நான்காம் ஆண்டு வாக்கில் வரப்போகும் பேட்டரி மாற்றம் எனத் தனிக் கணக்கில் போடுங்கள். நன்கொடையாளர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். திறப்பு விழாவில் காட்ட மூன்று பேனல்தான் இருக்கும். ஆனால் மூன்றாம் ஆண்டும் அந்த மூன்றும் ஓடும் என்று திட்டத்திலேயே எழுதிக் காட்டுங்கள்.

---

பாடவேளை_கணக்கு

பிள்ளைகளை நடத்திச் செல்லும் கேள்விக்கு: நியாயமான கவலை. ஒரு மாற்றத்துக்கு ஐந்து நிமிடம் போகும். வழி, திரைப் பாடங்களை இரட்டைப் பாடவேளையாக வைப்பது, அல்லது இடைவேளைக்கு அடுத்த பாடவேளையில் வைப்பது. 9, 10 பிரிவுகள் ஒரே வராந்தாவில் இருந்தால் ஓர் அறையை அந்த வராந்தாவிலேயே எடுங்கள். மாடி ஏறி இறங்க வேண்டிய பிரிவுக்கு வாரம் ஒன்றே போதும் என்றாலும் தவறில்லை.

---

திட்டவிலக்கம்

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தை இதற்கு அளவுகோலாக வைக்கவே கூடாது. வினாத்தாளின் கடினம், அந்த ஆண்டு வந்த பிள்ளைகள், மாலை நேரச் சிறப்பு வகுப்பு எல்லாம் கலந்த எண் அது. ஏறினால் பேனலால் ஏறியது என்பீர்கள், இறங்கினால் பேனல் வீண் என்பார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை.

முதலில், ஓடியதா என்று பாருங்கள். ஆய்வகத்தில் ஒரு பழுதுப் பதிவேடு: கணினி எண், என்ன கோளாறு, சொன்ன நாள், சரியான நாள். 20 கணினி × 200 வேலை நாள் = 4000 கணினி-நாள். பழுதில் போனது 240 என்றால் 6 சதவீதம். 5-க்குக் கீழே இருப்பது நல்ல பராமரிப்பு என்பது என் கருத்து. 10-ஐத் தாண்டினால் அந்த ஆண்டு கற்றல் பயனைப் பற்றிப் பேசுவதே வீண்.

அடுத்து, பயன்பட்டதா. கையெழுத்துப் பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள்; மாதக் கடைசியில் ஒரே பேனாவில் நிரம்பிவிடும். விண்டோஸ் கணினிகளில், கணினி தானே எழுதும் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் 6005 என்ற எண் கணினி எழுந்த நேரத்தையும் 6006 அணைந்த நேரத்தையும் காட்டும். லினக்ஸில் "லாஸ்ட் ரீபூட்" கட்டளை போதும். கால அட்டவணைப்படி வாரம் 30 பாடவேளை, உண்மையில் 19 என்று வந்தால் அந்த 11 எங்கே போனது என்று கேளுங்கள். ஆசிரியர் விடுப்பா, தேர்வா, சாவி கிடைக்கவில்லையா? சாவி ஒருவரிடம் மட்டும் இருப்பது மிகச் சாதாரணக் காரணம், திருத்துவதும் எளிது.

மணிக்கணக்கு மட்டும் போதாது. மாதம் 12 பாடவேளையில் யாராவது ஒருவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு குறி போடட்டும்: ஆசிரியர் காட்டுகிறார், பிள்ளைகள் தாங்களே செய்கிறார்கள், திரை சும்மா ஓடுகிறது. பாடவேளைக்கு 8 குறி, மாதம் 96. இதை ஆசிரியரின் தகுதிக் குறிப்பில் சேர்க்கமாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள். சேர்த்தால் அன்றைக்கென்று ஒரு மாதிரி வகுப்புதான் நடக்கும், உண்மை வராது.

பிள்ளைகள் கற்றார்களா என்பதற்குத்தான் கவனம் வேண்டும். முழு ஆண்டு மதிப்பெண் வேண்டாம், ஒரே ஓர் அலகை எடுங்கள். 8-ஆம் வகுப்பின் இரண்டு பிரிவு, ஒரே ஆசிரியர். ஒரு பிரிவுக்குத் திரையோடு, மற்றதற்கு வழக்கம்போல், ஆனால் பாடவேளை எண்ணிக்கை சமம். அடுத்த அலகில் மாற்றிவிடுங்கள், எந்தப் பிரிவுக்கும் அநியாயம் இல்லை. முன்தேர்வு, அலகு முடிந்ததும் ஒரு தேர்வு, ஆறு வாரம் கழித்துச் சொல்லாமல் ஒரு தேர்வு. தாளில் பெயருக்குப் பதில் எண், திருத்துவது வேறோர் ஆசிரியர்.

வரும் வித்தியாசத்தை எப்படிப் படிப்பது? 100-க்கு வைத்த தேர்வில் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 20 என்று கொள்வோம். பிரிவுக்கு 40 பேர் என்றால் இரு சராசரிகளின் வித்தியாசத்துக்குத் திட்டப் பிழை (தற்செயலால் அது எவ்வளவு ஆடும் என்ற அளவு) 20 × √(2/40), ஏறத்தாழ 4.5. அதன் இரு மடங்கு 9. ஆக 9 மதிப்பெண்ணுக்குக் குறைந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. முன்தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்து (இரண்டு தேர்வு மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் ஒட்டுறவு 0.7 என்றால்) கணித்தால் இந்த எல்லை 6-ஆக இறங்கும். "திரைப் பிரிவு 3 மதிப்பெண் கூட" என்று யாராவது அறிக்கையில் எழுதினால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

உலகில் கிடைத்த நல்ல பலன்களே எவ்வளவு என்று தெரிந்தால் எதிர்பார்ப்பு சரியாக அமையும். தில்லியில் 2015-ல் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை 619 மாணவர்களிடம் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். வாரம் ஆறு நாள், நாளுக்கு 90 நிமிடம்: பாதி மென்பொருள், பாதி சிறு குழுவில் ஆசிரியர். நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37 திட்ட விலக்கம் முன்னேற்றம். நம் கணக்கில் அது 7.4 மதிப்பெண். அவ்வளவு உழைத்து வந்த பலனே முன்தேர்வு இல்லாமல் ஒரு பள்ளியில் அளந்தால் கண்ணில் படாது. அது ஏன் பலன் தந்தது என்பதையும் கவனியுங்கள்: எட்டாம் வகுப்பில் உட்கார்ந்து ஐந்தாம் வகுப்புக் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு மென்பொருள் ஐந்தாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்தது. மறுபக்கம் பெரு நாடு. கிராமப் பள்ளிகளுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். மாணவருக்கு 0.12 என்றிருந்த கணினி விகிதம் 1.18 ஆனது. 15 மாதம் கழித்துக் கணிதத்திலும் மொழியிலும் மாற்றம் தென்படவில்லை. கருவிகளின் எண்ணிக்கை ஏறியது, பாடத் தேர்ச்சி ஏறவில்லை.

உங்கள் மூன்று ஆண்டுத் திட்டத்தில் இப்படிப் பிள்ளையின் நிலைக்கேற்ற கணக்கைக் கொடுக்கும் பயிற்சி மென்பொருள் வரட்டும், ஆய்வகத்தின் 30 பாடவேளையில் பாதியாவது அதற்குப் போகட்டும். பேனலைவிட அங்கேதான் எனக்கு நம்பிக்கை.

---

தாளாளர்_விருதுநகர்

மிகவும் பயனுள்ள பதில்கள். கொட்டேஷனை மூன்று பேனலாக மாற்றித் தரக் கேட்டுவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: பயிற்சி மென்பொருளில் ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கணக்கு திறக்கப் பெற்றோர் கைபேசி எண் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

---

ஒப்பந்தம்_பார்ப்பவர்

கொடுக்காமல் செய்ய வழி கேளுங்கள், பல மென்பொருளில் பள்ளி மூலமாகவே பயனர் பெயர் உருவாக்கலாம். 8-ஆம் வகுப்பு ஆ பிரிவுக்கு "8ஆ-01" முதல் "8ஆ-40" வரை எண்களே பெயர். எந்த எண் எந்தப் பிள்ளை என்ற பட்டியல் தலைமையாசிரியர் அலமாரியில் காகிதமாக இருக்கட்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழானவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. அதனால் இந்த வரிசை எண்ணை வைத்துக் கணக்கு திறந்தாலும் ஒப்புதல் படிவம் ஒன்றைத் தமிழில் அச்சிட்டு, என்ன தரவு, எதற்கு, எப்போது அழிக்கப்படும் என்று எழுதி, அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆண்டு முடிந்ததும் கணக்குகளை நீக்கிவிட்டதாக நிறுவனத்திடம் கடிதம் பெறுவதையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.